இருபது வந்தாச்சு

வடகரைச் சரக்குப் பெட்டக வாரியத்தின் மூன்றாவது மாடியில், காலை பத்தேகாலுக்கு ஐந்து பேர் எழுந்து நிற்பார்கள். ரேகா என்ற எழுத்தர் கம்ப்யூட்டரில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்ப்பாள். பார்த்துவிட்டு, "இருபது வரவில்லை" என்று சத்தமாகச் சொல்வாள். துணை இயக்குநர் அன்பரசன் சற்று நேரம் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு பதிவேட்டைத் திறந்து, "இருபது வந்ததா?" என்று அச்சடித்திருக்கும் கட்டத்தில் "இல்லை" என்று எழுதி ஐந்து பேரும் கையெழுத்துப் போடுவார்கள். அத்தோடு காலை வேலை முடிந்தது. டீ வரும்.

இருபது என்பது வீடியோ எடிட் செய்கிற சாஃப்ட்வேரின் இருபதாம் பதிப்பு. வாரியத்திடம் இருந்தது பத்தொன்பது. அதை வைத்து உலகத்தில் பாதிப் பேர் சினிமாவே எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வாரியம் மட்டும் அதன் மேல் கை வைக்கவில்லை. பதினெட்டு இருந்தபோது பத்தொன்பதுக்காகக் காத்திருந்தார்கள். பத்தொன்பது வந்து இறங்கிய அன்றைக்கே, மதியச் சாப்பாட்டுக்குள், இருபது வரப்போகிறது என்ற வதந்தியும் வந்துவிட்டது. இனி யார் பத்தொன்பதைத் தொடுவார்கள்? பிரிவின் பெயர்ப்பலகையிலேயே "காணொளி மேம்பாட்டு எதிர்பார்ப்புப் பிரிவு" என்றுதான் எழுதியிருந்தது. ஆறு வருடத்தில் ஒரு நிமிட வீடியோகூட வெளியே போகவில்லை. போகாத வீடியோவில் ஒரு பிழையும் இல்லை. அதனால் பிழையற்ற பிரிவுக்கான கேடயத்தை இரண்டு முறை வாங்கியிருந்தார்கள்.

இந்தப் பிரிவில்தான் ஜெயவேலுக்கு ஒப்பந்த எடிட்டர் வேலை. சடையங்குப்பத்துக்காரன். பதினோரு வருடம் கொருக்குப்பேட்டையில் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டியவன். மாப்பிள்ளையின் மாமா தாலி கட்டும் நேரத்தில் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றால்கூட, ஆளைத் தடயமில்லாமல் தூக்கிவிடுவான். சேர்ந்த முதல் நாள், "நா இன்னா சார் செய்யணும்?" என்று அன்பரசனிடம் கேட்டான்.

"எதிர்பாருங்கள்" என்றார் அவர்.

அறையின் நடுவில் ஒரு புதுக் கம்ப்யூட்டர் இருந்தது. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், மேலே சந்தனமும் குங்குமமும் வைத்து. உறையைப் பிரித்தால் உத்தரவாதம் ஓட ஆரம்பித்துவிடும், இருபது வருவதற்குள் தீர்ந்துவிடும் என்று அதைப் பிரிக்கவில்லை. இருபதுக்குத் தோதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டையும் வாங்கிவைத்திருந்தார்கள். அது கம்ப்யூட்டர் பெட்டியைவிட நாலு விரல்கடை நீளம். ஆகவே பெரிய பெட்டிக்கு எழுதிப் போட்டார்கள். பெரிய பெட்டியில் அடுத்த வருடம் புது மாடல் வருவதாகத் தெரிந்ததும் அதையும் நிறுத்திவைத்தார்கள்.

இதெல்லாம் எப்படியோ போகட்டும் என்று ஜெயவேலும் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்திருப்பான். ஆனால் அந்த வருடம் ஏப்ரலில் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்துவிட்டது.

வாரியம் துறைமுகத்துப் பெட்டகங்களை, அதாவது கன்டெய்னர்களை, அடுக்க ஒரு பெரிய மைதானம் எடுத்து, அதைச் சுற்றி ஒன்றரைக் கிலோமீட்டருக்குச் சுவர் கட்ட இருந்தது. சடையங்குப்பத்து மழைத்தண்ணீர் ஆற்றுக்குப் போகிற ஒரே வழியின் குறுக்கே அந்தச் சுவர் வந்தது. மணலி பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு, மக்களைப் பேசச் சொல்லி, வீடியோ எடுத்தார்கள். அறுபத்தொரு பேர் பேசினார்கள். அதில் ஒருத்தி தங்கபுஷ்பம், ஜெயவேலின் பெண்டாட்டி. எல்லோரும் திட்டியோ அழுதோ உட்கார்ந்தபோது அவள் ஒருத்திதான் கணக்காகக் கேட்டாள்.

"செவுரு கட்டிக்கோ சார், வேணாங்கல. தண்ணி போற எடத்துல மட்டும் எட்டடிக்கு ஒரு வழி வுட்டுடு. தண்ணிக்கு உன் செவுரு தெரியாது. எங்க வூடு தான் தெரியும்."

மேடையில் இருந்த பொறியாளரே தலையை ஆட்டிவிட்டார். எட்டடி வழி ஒன்றும் பெரிய விஷயமில்லை, வரைபடத்தில் ஒரு கோடு போட்டால் போதும் என்றார். ஆனால் வாரியத்தின் பதினான்காம் விதி குறுக்கே நின்றது. கூட்டத்தின் காணொளி திருத்தப்பட்டு வெளிவரும் வரை, அதில் பேசப்பட்டவை பேசப்பட்டவையாகக் கருதப்படமாட்டா. செப்டம்பர் முப்பதுக்குள் வெளிவராவிட்டால் வரைபடம் இருக்கிறபடியே இறுதியாகிவிடும்.

ஆக, எட்டடி வழி ஜெயவேலின் மேசைக்கு வந்து சேர்ந்தது. மூன்றே முக்கால் மணி நேர வீடியோ. அவன் அன்பரசனிடம் போய், "எங்கிட்ட வூட்ல பழைய சிஸ்டம் ஒண்ணு கீது சார். ரெண்டு நாள்ல முட்சி குட்த்துடுறேன்" என்றான்.

அன்பரசன் அவனை உட்காரச் சொன்னார். கோபப்படுகிற ஆள் இல்லை அவர். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை.

"ஜெயவேல், ஒரு வேலையை முடித்துவிடுவது சுலபம். யார் வேண்டுமானாலும் முடிப்பார்கள். அதை முடிக்காமல், ஆனால் எந்த நேரமும் முடிக்கத்தக்க நிலையில் ஆறு ஆண்டுகள் வைத்திருப்பது சாதாரணமா? இன்று நீங்கள் பத்தொன்பதில் முடித்துவிட்டீர்கள் என்று வையுங்கள். நாளை இருபது வந்துவிட்டால்? ஏன் அவசரப்பட்டாய் என்று என்னைக் கேட்பார்கள். ஏன் தாமதித்தாய் என்று இதுவரை என்னை யாருமே கேட்டதில்லை."

தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கபுஷ்பம் கேட்பாள்.

"நா பேசுனது வெளிய வந்துச்சாய்யா?"

"இல்ல."

"யேன்?"

"இருபது வரல."

முதலில் சிரித்தாள். ஜூன் மாதம் திட்டினாள். "இருபது வரலியாம், நாப்பது வரலியாம். யார்கிட்ட டபாய்க்கிறானுங்க உங்க ஆபீஸ்ல?" என்று தட்டை டங்கென்று வைத்தாள். ஆகஸ்டில் கேட்பதை நிறுத்திவிட்டாள். முகத்தைப் பார்ப்பாள், சோற்றைப் போடுவாள். ஜெயவேலுக்கும் முதலில் வந்த கோபம் போய், வெட்கம் வந்து, அதுவும் போய்விட்டது. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அப்படி உள்ளுக்குள் மரத்துப்போயிற்று. கிள்ளினாலும் தெரியாது. பத்தேகாலுக்கு எழுந்து நின்றான், "இல்லை" என்று எழுதினான், டீ குடித்தான்.

ஆகஸ்டு கடைசியில் கம்பெனி அறிவித்தது: இருபது இந்த ஃபாலில் வரும். அந்த ஊரில் இலையுதிர் காலத்துக்கு அப்படிப் பெயர் போலிருக்கிறது. வாரியம் இருக்கிற ராயபுரத்தில் இலை எல்லா மாதமும்தான் விழுகிறது, அதற்கென்று தனியாகப் பெயர் வைத்தவர் யாருமில்லை. "இருபது இவ்வாண்டு வீழ்ச்சியின்போது கிடைக்கும்" என்று அன்பரசன் சுற்றறிக்கை விட்டார். யாருடைய வீழ்ச்சி என்று வாரியத் தலைவர் அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதறிப்போய், ஃபால் என்றால் அருவியும்தானே என்று, "அருவியில் கிடைக்கும்" எனத் திருத்தினார். திருத்திய பிறகு போய்ப் பார்க்காமல் இருக்க முடியாதல்லவா? ஆறு நாள் கள ஆய்வுக்குக் குற்றாலம் போனார். "நீர்வரத்து திருப்திகரமாக உள்ளது. இருபது தென்படவில்லை" என்று அறிக்கை கொடுத்தார்.

அந்த ஆறு நாளில்தான் ஜெயவேல் அந்தக் காரியத்தைச் செய்தான். துணிச்சல் என்று சொல்ல முடியாது. வேறு ஒன்றும் செய்யத் தோன்றாததால் செய்தான். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் பத்தொன்பதைத் திறந்து வேலை பார்த்தான். ரேகா நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் எடிட் முடிந்தது. அறுபத்தொரு பேரும் தெளிவாக இருந்தார்கள். தங்கபுஷ்பத்தின் நாலு நிமிடத்தில் அவன் ஒரு வெட்டுகூடப் போடவில்லை.

மிச்சம் இருந்தது கடைசிப் படி. வெட்டி ஒட்டியதையெல்லாம் ஒரே கோப்பாக வெளியே எடுக்க வேண்டும். அதற்கு அவன் தொழிலில் எக்ஸ்போர்ட் என்று பெயர். அந்தப் பொத்தானுக்கு அன்பரசனின் கடவுச்சொல் வேண்டும். அவர் திரும்பி வந்ததும், "காணொளி எடிட் முடிந்தது. எக்ஸ்போர்ட் செய்ய அனுமதி வேண்டும்" என்று எழுதி நீட்டினான்.

அன்பரசன் கோபப்படவில்லை. குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்த முகம். "செய்துவிட்டீர்கள். போகட்டும். ஆனால் எக்ஸ்போர்ட் இருபதில்தான் நடக்க வேண்டும். அதையும் சேர்த்து எழுதுங்கள்" என்றார். ஜெயவேல் கீழே ஒரு வரி எழுதினான்: "எக்ஸ்போர்ட்டுக்கு இருபது தேவை." கையெழுத்து, முத்திரை, மேல்நடவடிக்கைக்கு.

துறைமுகத்து வாரியத்தில் எக்ஸ்போர்ட் என்று எழுதிய கோப்பு எங்கே போகும்? யாரும் யோசிக்கக்கூட இல்லை. கைப்பழக்கத்தில் கீழ்த்தளத்து ஏற்றுமதிப் பிரிவுக்குப் போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து ஏற்றுமதிக் கண்காணிப்பாளர் கலீலுல்லா அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். வண்ணாரப்பேட்டைக்காரர். மிளகாய், கிரானைட், தோல் எல்லாவற்றையும் முப்பத்தொரு வருடமாகக் கப்பல் ஏற்றியவர்.

"குந்து தம்பி. இன்னா சரக்கு இது? வெயிட்டே போடலியே."

"சரக்கு இல்ல பாய். வீடியோ."

"அதான் போட்டுக்கீது. எத்தினி பண்டல்?"

"பாய், எங்க தொழில்ல எக்ஸ்போர்ட்டுன்னா கப்பல்ல அனுப்புறது இல்ல. வெட்டி ஒட்டுனத ஒரே ஃபைலா வெளிய எடுக்கறது."

கலீலுல்லா கண்ணாடியைக் கழற்றினார். விஷயம் புரிய அரை நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்த சிரிப்பில் டீ மேசையெல்லாம் சிந்தியது. பிறகு சிரிப்பு தானாக அடங்கியது.

"ஆனா புக்குல ஏறிடுச்சே நைனா."

"அடிச்சிட்டு குட்த்துடுங்க பாய். அதுல என் சம்சாரம் பேசிகீது. எங்க தெரு தண்ணி மேட்டரு."

"உம் பேஜாரு புரியுது. நா பொய் சொல்லல, இந்தப் புக்குல நா இதுவரைக்கும் ஒண்ணியும் அடிச்சதில்ல. ஏறுன சரக்கு கப்பல்ல போனாத்தான் கணக்கு மூடும். மார்ச்சுல எனக்கு ரிட்டயர்மெண்ட்டு. ஒரு சரக்கு நின்னுச்சுன்னா, என்னியும் அதோட நிக்க வெச்சிடுவான்." மேசையில் சிந்திய டீயைத் துடைத்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கேட்டார்: "இருபது கேட்டுக்கீற. போதுமா, நாப்பது வேணுமா?"

"இன்னா பாய் நாப்பது?"

"பெட்டி. இருபதடிப் பெட்டி, நாப்பதடிப் பெட்டி. வேற இன்னா இருபது கீது இந்த ஏரியாவுல?"

ஜெயவேல் மாடி ஏறிப்போய் அன்பரசனிடம் சொன்னான். கோப்பு முறைப்படி நகர்ந்துகொண்டிருக்கும்போது குறுக்கே புகக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார்.

செப்டம்பர் இருபத்தெட்டு, காலை பத்தேகால். ஐந்து பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். ரேகா, "இருபது வர..." என்று ஆரம்பித்த நேரத்தில், கீழே ஒரு டிரெய்லர் லாரி திணறிக்கொண்டு வளாகத்துக்குள் நுழைந்தது. டிரைவர் இறங்கி, மாடியைப் பார்த்துக் கத்தினான்.

"இருபது வந்துகீது! யாரு கையெழுத்து போடறது?"

அன்பரசன் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். நீலநிறத்தில் ஒரு கன்டெய்னர், ஒரு பக்கம் ஒடுங்கியிருந்தது. டிரைவர் கொண்டுவந்து கொடுத்த தாளில் "இருபது, ஒன்று, ஒப்படைக்கப்பட்டது" என்று தெளிவாக அச்சாகியிருந்தது. அவர் அந்தத் தாளையும் பதிவேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு வருடத்து "இல்லை"கள்.

"சார், அது பெட்டி சார்" என்றான் ஜெயவேல்.

"இது இருபதா, இல்லையா?"

"இருபதடி சார்."

"அப்படியானால் இருபதுதான். மீதியெல்லாம் தொழில்நுட்ப விவரம்."

பதிவேட்டில் முதல்முறையாக "வந்தது" என்று எழுதினார். அவர் கண்ணில் நீர்கூடத் தெரிந்தது. அந்த ஒரு நிமிடம் அவரைப் பார்க்க ஜெயவேலுக்கே பாவமாக இருந்தது.

மதியம் விழா. கன்டெய்னருக்கு மாலை போட்டார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். அன்பரசன் மைக்கைப் பிடித்தார்.

"இருபதின் சிறப்புகளைச் சொல்கிறேன். இதைப் பூட்டலாம். மழை புகாது. ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது அடுக்கலாம். பத்தொன்பதில் இந்த வசதிகள் எதுவும் கிடையாது. எதிர்பார்ப்பவனுக்கு எதுவும் வராமல் போகாது என்பதற்கு இதுவே சாட்சி. வந்தது என்ன என்று ஆராய்வது நம் பிரிவின் வேலை அல்ல."

கைதட்டினார்கள். எடிட் செய்த வீடியோ இருந்த ஹார்டு டிஸ்க்கைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, மரப்பெட்டியில் வைத்து, கன்டெய்னரின் நடுவில் கயிறு போட்டுக் கட்டினார்கள். உள்ளங்கை அளவு சாமான். ஒரு நகல் எடுத்துக்கொள்ளட்டுமா என்று ஜெயவேல் கேட்டான். ஏற்றுமதிச் சரக்கை வீட்டில் வைத்துக்கொள்வதற்குப் பெயர் கடத்தல் என்றார் அன்பரசன். கேமராவில் இருந்த மூலப்பதிவை, எடிட் முடிந்தது என்று அவன் எழுதிக் கொடுத்த அன்றைக்கே அழித்துவிட்டிருந்தார்கள். எடிட் முடிந்தால் அழிப்பதுதான் விதி, அதை மட்டும் அன்றைக்கன்றே செய்துவிடுவார்கள். பெறுநர் என்ற இடத்தில் அன்பரசன் "பொதுமக்கள்" என்று எழுதினார்.

"அந்தப் பேர்ல துறைமுகம் எதுவும் இல்லியே சார்" என்றார் கலீலுல்லா.

கடைசியில், முப்பதாம் தேதி எந்தக் கப்பல் கிளம்புகிறதோ அதில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. அது போகிற ஊரின் பெயரை ஜெயவேல் இரண்டு முறை கேட்டான். மனதில் நிற்கவில்லை.

அக்டோபர் ஒன்றாம் தேதி சுற்றறிக்கை வந்தது. "கருத்துக்கேட்புக் காணொளி குறித்த காலத்துக்குள் வெற்றிகரமாக எக்ஸ்போர்ட் செய்யப்பட்டது. அதில் அடங்கிய அறுபத்தொரு ஆட்சேபணைகளும் நாட்டைவிட்டு வெளியேறிவிட்டதால், தற்போது இந்தியாவில் ஆட்சேபணை எதுவும் நிலுவையில் இல்லை. சுவரை வரைபடப்படியே கட்டலாம்." பிரிவுக்கு மூன்றாவது கேடயம்.

அன்று சாயங்காலம் தங்கபுஷ்பம் ஒன்றும் கேட்காமலேயே அவன் சொன்னான்.

"கப்பல்லயா?" என்றாள்.

"ஆமா."

"நா பேசுனதா?"

"ஆமா புஷ்பம்."

"நா திருப்பதி தாண்டிப் போனதில்ல" என்றாள். எழுந்து, கீழே இருந்த அரிசி மூட்டையை இழுத்துப் பரண்மேல் ஏற்ற ஆரம்பித்தாள். அவனும் ஒரு கை கொடுத்தான்.

அக்டோபர் நடுவில் அசல் இருபது வெளிவந்தது. ரேகாதான் பார்த்தாள். "இருபது ஏற்கெனவே வந்துவிட்டதே, பதிவேட்டில் இருக்கிறது. இது ஏதோ போலி" என்றார் அன்பரசன். கட்டத்தில் "இருபத்தொன்று வந்ததா?" என்று புதிதாக அச்சடித்து வந்துவிட்டிருந்தது. சுவரும் வேகமாக எழுந்தது. அந்த ஒரு வேலைக்கு மட்டும் யாரும் எதற்காகவும் காத்திருக்கவில்லை.

நவம்பர் கடைசியில் மூன்று நாள் மழை பெய்தது. தண்ணீர் வழக்கமான வழியில் போய், சுவரில் முட்டி, திரும்பித் தெருவுக்குள் வந்தது. நாலாம் நாள் காலை அன்பரசன் போனில் கூப்பிட்டார்.

"ஜெயவேல், நீங்கள் அந்தப் பக்கம்தானே? பாதிப்பைப் பதிவு செய்ய உத்தரவு. அலுவலகக் கேமரா உங்களிடம்தான் இருக்கிறது. படம் மட்டும் எடுங்கள். இருபத்தொன்று வரும்வரை எடிட் செய்ய வேண்டாம்."

மழை விட்டிருந்தது. பதினோரு மணி வெயில்கூட லேசாக எட்டிப் பார்த்தது. தெருவில் முழங்கால் அளவு கறுப்புத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம். ஜெயவேல் கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு எதிர்வீடு, பக்கத்து வீடு, மூழ்கிய அடிபம்பு எல்லாவற்றையும் எடுத்தான். பிறகு தன் வீட்டு வாசலில் வந்து நின்றான். தங்கபுஷ்பம் உள்ளே கட்டிலின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, காலால் செங்கல்லைத் தள்ளி அடியில் வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல் நழுவி நழுவிப் போனது.

விதிப்படி கேட்க வேண்டியதை அவன் கேட்டான். "பேரு, ஊரு சொல்லிட்டு, உங்க ஆட்சேபணைய சொல்லுங்க."

தங்கபுஷ்பம் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள்.

"ஓடுதா?"

"ஓடுது."

"அத்த நிறுத்திட்டு, வந்து அந்தப் பக்கம் புடிய்யா."

அவன் நிறுத்தினான். கேமராவைப் பரணில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குனிந்து கட்டிலின் அந்தப் பக்கத்தைப் பிடித்தான். நனைந்த கட்டில் நல்ல கனம். ஒரு காலுக்கு மூன்று செங்கல் வைத்து இறக்கினார்கள். தண்ணீர் மூன்றாவது செங்கல்லைத் தொட்டுக்கொண்டு நின்றது. இன்னொரு செங்கல் கிடைக்குமா என்று பார்க்க ஜெயவேல் பக்கத்து வீட்டுக்குப் போனான்.